சிவப்பு வாளிக்குக் குளிக்கப் பிடிக்காது

கூடத்தின் நடுவில் துவைத்துக் காய்ந்த சாக்ஸ்கள் குவிந்து கிடந்தன. குவியலுக்கு இந்தப் பக்கம் நான்கு வயதுக் கடுகு, அந்தப் பக்கம் அவள், கடுகின் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தவள். நர்சரி டீச்சர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் போனில் பேசி அனுப்புகிற வீட்டு வேலைகளில் இந்த வாரத்து முதல் வேலை இது. குழந்தை சாக்ஸ்களை ஜோடி சேர்க்க வேண்டும். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். முடிந்ததும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த 'மட்டும்'தான் அவளுக்குச் சிக்கல். கல்யாணத்துக்கு முன்புவரை சட்டைக் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தைத்து வருகிற ஒவ்வொரு சட்டையையும் கழுத்தில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், கீழ்மடிப்பு, கடைசியாகப் பட்டன் என்று விரலால் தடவிப் பார்த்து, பிசகு உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குகிற வேலை. பிசகைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பவளை அங்கே யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடுகு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். ஆள் சிறிசு, காரத்துக்குக் குறைவில்லை. அந்தக் கடுகு நாக்கைத் துருத்திக்கொண்டு வெகுநேரம் யோசித்து, அப்பாவின் சாம்பல் நிறச் சாக்ஸ் ஒன்றை எடுத்து, தன்னுடைய மஞ்சள் குட்டிச் சாக்ஸ் ஒன்றை அதன்மேல் படுக்கவைத்துச் சுருட்டினாள். பிறகு ஒரு கறுப்பும் ஒரு ரோஸும். பிறகு ஒரு நீலமும் பூப்போட்டது ஒன்றும். எல்லாம் பெரிதும் சிறிதுமாகவே சேர்ந்தன. முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். அவள் திரும்பி வருவதற்குள் செக்கிங்காரியின் கைகள், யாரையும் கேட்காமல், எல்லாச் சுருட்டலையும் பிரித்து, சாம்பலுக்குச் சாம்பல், மஞ்சளுக்கு மஞ்சள் என்று அடுக்கிப் படமும் எடுத்துவிட்டிருந்தன. கடுகு டம்ளரோடு வந்து நின்று அந்த வரிசையைப் பார்த்தாள்.

"அது அப்பாவும் பாப்பாவும்" என்றாள்.

அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டாள். முழுசாகச் சாத்த அவளுக்குப் பயம். இவள் சாக்ஸ்களை மறுபடி பழையபடி கலைத்துச் சேர்க்கப் பார்த்தாள். எந்தப் பெரிதோடு எந்தச் சிறிது இருந்தது என்பது நினைவில் இல்லை. பிசகு மட்டும்தான் அவளுக்கு நினைவில் நிற்கும். அந்தப் பிழைப்பு அப்படி.

இந்த வீட்டுக்கு அவள் இரண்டாம் தாரமாக வந்து அரை வருடம் ஆகிறது. முதல் தாரம் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமல் போனபோது கடுகுக்கு இரண்டரை வயதுகூட இருக்காது. கூடத்துப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற அவள்தான் அம்மா. அதில் இவளுக்கு வழக்கு எதுவும் கிடையாது. ஆனால் இவள் யார் என்பதற்கு அந்த வீட்டில் இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. கடுகு அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வேண்டுமென்றால் முழங்கையில் ஒரு குத்து, இல்லாவிட்டால் "இங்க பாரு", அவசரமென்றால் "தண்ணி!" "சித்தின்னு கூப்பிடுடா செல்லம்" என்று ஒருநாள் அப்பா சொல்லிப் பார்த்தார். கடுகு அறையைச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "எங்க?" என்று கேட்டாள். அதோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் மேலே ஏற்றி இறக்குகிறவர் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் போன் வரும். சோற்றில் கை வைத்திருந்தாலும் உதறிக்கொண்டு ஓடுவார். நல்ல மனிதர். ஆனால் வீட்டுக்குள் யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

டீச்சரின் அடுத்த வேலை கரண்டியால் பயறு மாற்றுவது. ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு, சிந்தாமல். இந்தத் தடவை இவள் தன் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். கடுகு வேலையைத் தொடவில்லை. "நீயே போடு. நீதான் சரியாப் போடுவே" என்றாள். யாரோ பெரியவர்கள் சொல்வதுபோல் இருந்தது. சரி, விளையாட்டாவது காட்டலாம் என்று, வேலையை விட்டு வந்த நாளில் ஏப்ரன் பையிலேயே தங்கிவிட்ட அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்துக் கொடுத்தாள். எங்கே தப்பு இருக்கிறதோ அங்கே ஒட்டவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு என்றாள். இது கடுகுக்குப் பிடித்துப்போனது. கீச்சிடும் கதவில் ஒன்று, ஓடாத கடிகாரத்தில் ஒன்று, கால் ஆடும் முக்காலியில் ஒன்று. சாப்பிட உட்கார்ந்த அப்பாவைச் சுற்றிவந்து அவருடைய வழுக்கையின் நட்டநடுவில் ஒன்று. அவர் அது தெரியாமலே ஒரு லிஃப்ட் பழுதுக்குப் போய்த் திரும்பிவந்தார்.

மூன்றாவது வேலைதான் கதை. இந்த வாரம் வீட்டில் தினமும் ஒரே கதையைச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அந்தக் கதையைக் குழந்தையே வகுப்பில் சொல்லும், பெரியவர்கள் வந்து கேட்கலாம் என்று டீச்சரின் குரல் போனில் இனித்தது.

"எந்தக் கதை வேணும்?" என்று கேட்டாள்.

"அம்மா சொன்ன கதை."

"சரி, அது என்ன கதை?"

"ஒரு ஊர்ல ஒரு சிவப்பு வாளி. அதுக்குக் குளிக்கவே பிடிக்காது."

"அப்புறம்?"

"அப்புறம் நீ சொல்லு."

இவள் சொன்னாள். வாளி ஓடிப்போனது, படியில் உருண்டது, தெருவில் ஒரு நாயைப் பார்த்தது. "அப்படி இல்ல" என்றாள் கடுகு. சரி, வாளி ஓடவில்லை, கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. "அப்படி இல்ல." வாளிக்கு ஒரு குவளை தோழி இருந்தது. "அப்படியே இல்ல." பிறந்ததிலிருந்து அடுத்தவர் தையலைத் தள்ளியே பழகியவளை இப்போது ஒரு நாலு வயது ஆள் பீஸ் பீஸாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதுவும் காரணம் சொல்லாமல். கம்பெனியில் காரணமாவது எழுதுவார்கள்.

அவர் வந்ததும் கேட்டாள். "ஏங்க, அந்த வாளிக் கதை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். துடைத்து முடித்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது.

"குளிப்பாட்டுறப்போ சொல்லுவா. கதவு சாத்தியிருக்கும். தண்ணி சத்தத்துல எனக்கு எங்க கேட்டுச்சு? ரெண்டு பேரும் சிரிக்கிறது கேக்கும்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அந்த வாளிகூட ஒடஞ்சு போயிருச்சு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் பெரியம்மா வந்தார். போனவளுடைய அக்கா. தபால் ஆபீசில் வேலை. எதையும் ஓங்கி முத்திரை குத்திப் பேசித்தான் பழக்கம். மூன்று மாடி ஏறிய மூச்சு அடங்குவதற்குள் வீட்டைக் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கடுகை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கெட்டவர் இல்லை. தங்கையின் சாடை இருக்கிற ஒரே முகத்தை மாதத்துக்கு ஒருமுறை பார்த்துப்போக வருகிறவர். கதை விவகாரத்தைக் கேட்டதும், "அந்த வாளிக் கதையா? எனக்குத் தெரியாததா!" என்று ஆரம்பித்தார். வாளி குளிக்காமல் இருந்து இருந்து அழுக்காகி, யாரும் சேர்த்துக்கொள்ளாமல், கடைசியில் புத்தி வந்து தினமும் குளித்ததாம்.

கடுகு மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். "அப்படி இல்ல" என்றாள். சுருளிலிருந்து ஒரு அம்பைக் கிழித்துப் பெரியம்மாவின் கைப்பையில் ஒட்டிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். பெரியம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் இவளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

"நான் தப்பா சொல்லலம்மா. நீ நல்ல பொண்ணுதான். ஆனா ஒட்டணும்ல? அரை வருஷமாச்சு, பிள்ளை உன்ன முறை சொல்லிக் கூப்பிட்டு நான் கேக்கல. எங்க வீட்டுப் பக்கத்துலயே நர்சரி இருக்கு. எங்கிட்ட இருந்தா, அவ அம்மாவப் பத்திப் பேசவாவது ஒரு ஆள் இருக்கும்." ஓரமாக நின்றிருந்த கடுகின் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை உத்தரத்தைப் பார்த்தார். "பாக்கலாம்க்கா" என்றார். அந்த 'பாக்கலாம்' முடியாது என்பதற்கு வெகுதூரத்தில் இருந்தது.

"வெள்ளிக்கிழமை நானும் வரேன். கதையக் கேட்டுட்டுப் பேசிக்கலாம்."

பெரியம்மா போன பிறகு இவள் கிண்ணத்துப் பயற்றைக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். பயறு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. கல்யாணம் பேசியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. அப்போது ஒரு பிள்ளை இருக்கிறது என்று சொன்னார்கள், சரி என்றாள். சமையலறை சின்னது என்று சொல்லியிருந்தாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பாள். இப்போது அந்த முழங்கைக் குத்து இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கேட்டால் அன்பு என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அது அன்புதான்.

மறுபடி மறுபடி கதையை மனத்துக்குள் விரித்துப் பார்த்தாள். ஓடிய வாளி, ஒளிந்த வாளி, தோழியோடு வாளி, புத்தி வந்த வாளி. எல்லாமே ஒரே இடத்தில்தான் தள்ளுபடியாயின. 'குளிக்கவே பிடிக்காது' என்பதற்கு அடுத்த அடியில். ஒருதடவைகூடக் கடுகு அதற்கு மேல் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை; இந்த இடம் சரி, அந்த இடம்தான் தப்பு என்று சொன்னதும் இல்லை. கம்பெனியில் புதுசாகச் சேருகிற பெண்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு சட்டையில் பிசகு என்றால் சட்டையைப் பார். வருகிற சட்டை எல்லாவற்றிலும் அதே இடத்தில் பிசகு என்றால் சட்டையை விட்டுவிட்டு மெஷினைப் போய்ப் பார், ஊசி போயிருக்கும். பயற்றைப் பொறுக்கிய விரல் அப்படியே நின்றது. அடக் கடவுளே, இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது என்று நினைத்தாள். இரண்டரை வயதில் கேட்ட கதை. யாருக்கு நினைவிருக்கும்?

வியாழக்கிழமை சாயங்காலம் கடுகைக் குளிக்கவைக்கக் கூட்டிப்போனாள். நீலவாளியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கடுகு ஸ்டிக்கர் சுருளை விடாமல் குளியலறைக்கும் கொண்டுவந்திருந்தாள். சட்டையைக் கழற்ற விடவில்லை, கதவோரம் சாய்ந்துகொண்டு, "கதை சொல்லு. நாளைக்குச் சொல்லணும்" என்றாள். குரலில் அதிகாரம் இருந்தது. ஆனால் கட்டைவிரல் அம்புச் சுருளைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

இவள் குழாயை மூடினாள்.

"ஒரு ஊர்ல ஒரு சிவப்பு வாளி. அதுக்குக் குளிக்கவே பிடிக்காது" என்றாள். "அதுக்கு மேல எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. பெரியம்மாவுக்கும் தெரியாது."

கடுகு தரையைப் பார்த்தாள்.

"உனக்கும் தெரியாதுதானே?"

குழாயிலிருந்து மிச்சத் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக வாளியில் விழுந்தது. பிறகு கடுகு ஒரு அம்பைக் கிழித்து, எட்டிப் பார்க்கக் கண்ணாடி இல்லாததால் விரலால் தடவித் தேடி, தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். முனை கீழே கண்ணைப் பார்க்க, சற்றுக் கோணலாக.

"இங்கதான் இருந்துச்சு" என்றாள். "இப்ப இல்ல. நான் தொலைக்கல."

அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. சாக்ஸுக்கும் சேர்த்து அழுதாள். இவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இந்த அழுகையை எத்தனை நாளாக இந்தச் சின்ன உடம்பு சுமந்திருக்கும் என்று நினைத்தபடி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மாவின் கதை மறந்துவிட்டது என்று யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் முகம் போகும், பெரியம்மாவிடம் சொன்னால் ஊர் கூடும். அதனால் வருகிறவர்களிடமெல்லாம் அப்படி இல்லை, அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டே, யாராவது ஒருவர் வாயிலிருந்து அது தானாக வந்து விழுந்துவிடாதா என்று காத்திருந்திருக்கிறாள்.

"நீ தொலைக்கல" என்றாள். "சின்னப் பிள்ளைல கேட்டது அப்படித்தான் போயிரும். எல்லாருக்கும் போயிரும்."

"உனக்கும் போச்சா?"

"எனக்கும்தான் போச்சு."

கடுகு மூக்கை இவளுடைய தோளில் துடைத்தாள். "அப்ப நாளைக்கு?"

"மிச்சத்த நாம தைச்சுக்கலாமா?"

"அது அம்மா கதை ஆகாது."

இவள் கடுகின் சட்டையைப் பார்த்தாள். தோள்பட்டையைத் தொட்டாள், வழக்கம்போல அல்லாமல் மெதுவாக. "இந்தச் சட்டைய யார் தைச்சான்னு நினைக்கிறே? ஒரு ஆளா? கம்பெனில ஒருத்தி கழுத்து மட்டும்தான் தைப்பா. தைச்சுட்டு அடுத்தவகிட்ட குடுத்துருவா. அவ கை வைப்பா. இன்னொருத்தி பட்டன் வைப்பா. கழுத்து தைச்சவ சாப்பாட்டுக்குப் போயிட்டான்னு சட்டைய யாரும் தூக்கிப் போட மாட்டாங்க."

கடுகு யோசித்தாள். சாக்ஸ் அன்று யோசித்த அதே முகம்.

"கழுத்து அம்மா தைச்சது."

"ஆமா. அதுல ஒரு நூல்கூட நாம தொடக் கூடாது. சிவப்பு வாளி, அதுக்குக் குளிக்கப் பிடிக்காது. அவ்வளவும் அம்மாவோடது."

"கை நான்."

"கை நீ. சொல்லு."

"வாளி மொட்டை மாடிக்குப் போயிருச்சு. ஏன்னா அங்க குழாய் இல்ல." சொல்லிவிட்டு இவளுடைய முகத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இவள் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மொட்டை மாடியில் குழாய் உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில், தினமும் துணி காயப்போடும்போது பார்க்கிற குழாய். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிசகைக் கண்ணெதிரே விட்டாள். கடுகுக்குத் தைரியம் வந்து இன்னும் நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். கதையில் ஒரு காக்கா வந்தது, காரணமில்லாமல் ஒரு டிரைவர் வந்தார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்ப பட்டன் நீ போடு" என்றாள்.

"மழை வந்துச்சு" என்றாள் இவள்.

கடுகு கண்ணை அகல விரித்தாள். பிறகு சிரித்தாள். கூடத்தில் அவர் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு, சாத்திய குளியலறைக் கதவைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

வெள்ளிக்கிழமை நர்சரியில் பெரியவர்களுக்கும் குழந்தை நாற்காலிகளைத்தான் போட்டிருந்தார்கள். முழங்கால் மோவாயை இடிக்க எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வேலைக்கிடையில் வந்திருந்ததால் சட்டையில் கிரீஸ் இருந்தது. பெரியம்மா மடியில் கைப்பையை வைத்திருந்தார். பையில் அந்தச் சிவப்பு அம்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, நேராக அவரையே காட்டியபடி. இவள் உட்காரவில்லை, செருப்பு வைக்கும் அலமாரியோரம் நின்றாள். கடுகு அன்று காலையில் தானே சாக்ஸ் மாட்டிக்கொண்டாள். ஒரு கால் மஞ்சள், ஒரு கால் பூப்போட்டது. இவள் பார்த்தாள், வாசலைப் பூட்டினாள், கிளம்பினாள்.

ஒரு பையன் யானைக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒன்றுக்குப் போனான். அடுத்து கடுகு. வட்டத்தின் நடுவில் வந்து நின்றாள். சிவப்பு வாளியைச் சொன்னாள், அதற்குக் குளிக்கவே பிடிக்காததைச் சொன்னாள். அந்த இடம் வந்ததும் ஒரு வினாடி நின்றாள். பெரியம்மா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கடுகு மூச்சை இழுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். காக்கா வந்தது, டிரைவர் வந்தார், மழை வந்தது. வாளி ஓடவும் முடியாமல் ஒளியவும் முடியாமல் நிறைந்து வழிந்து, ஐயோ குளிச்சுட்டேனே என்று கத்தியது. குழந்தைகள் உருண்டு சிரித்தன. இன்னொருதடவை கத்தச் சொன்னார்கள், கடுகு கத்தினாள். பெரியம்மாவும் சிரித்துவிட்டார்; சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்ல கதைடா" என்றார் டீச்சர். "யார் சொல்லிக் குடுத்தாங்க?"

கடுகு தன் கழுத்துப்பட்டையைத் தொட்டாள். "இது எங்கம்மா" என்றாள். டீச்சருக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். கடுகு தன் சட்டையின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இது நான்."

பிறகு சுற்றிப் பார்த்தாள். வட்டத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கால்களைத் தாண்டி, அப்பாவைத் தாண்டி, பெரியம்மாவின் முழங்காலைத் தாண்டி, செருப்பு அலமாரி வரைக்கும் நடந்து வந்தாள். இவளுக்கு முன்னால் நின்று வட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். முதுகு இவளுடைய காலில் பட்டது. சட்டையின் கடைசிப் பட்டனை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

"இது..." என்றாள்.

டீச்சர் காத்திருந்தார். அப்பா காத்திருந்தார், பெரியம்மா காத்திருந்தார். ஒன்றுக்குப் போயிருந்த பையன் திரும்பிவந்து கதவோரம் நின்றான். கடுகு வாயைத் திறந்தபடி, பட்டனைப் பிடித்த விரல்களை எடுக்காமல், தலையை மட்டும் பின்னால் சாய்த்து மேலே இவளுடைய முகத்தைப் பார்த்தாள்.